மா ஃபீமியின் இரண்டு வரிசைகள்

நகவெட்டி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை அதன் கைப்பிடியே வளைந்துவிட்டது. கொரலி எழுந்துபோய்த் தன் கருவிப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசையும் முடிந்து மதியச் சாப்பாடும் முடிந்திருந்தது. அம்மா பின்படியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் வெந்நீர் வாளிக்குள் விட்டிருந்தாள். போன வருஷத்திலிருந்து இடுப்பு அவளைக் குனிய விடுவதில்லை. மாதம் ஒருமுறை கொரலி தலைநகர் ரோஸோவிலிருந்து பஸ் ஏறி மலையூரான லோடாவுக்கு வரும்போது இந்த வேலை அவளுக்காகக் காத்திருக்கும். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துக் கொம்பு மாதிரித் தடித்திருந்தன. முப்பத்து நான்கு வருஷம் இறக்கங்களில் பூட்ஸின் முனையில் மோதி மோதி அப்படி ஆகிவிட்டிருந்தன.

"அத வச்சா வெட்டப் போற? என் கால் என்ன உன் பம்பு ரூமா?"

"பம்பு பேசாது மா. ஆடாம இரு."

"பம்புகிட்டகூட வலிக்குதான்னு கேப்பியாம். ஊர்ல சொல்றாங்க."

"வலிக்குதா?"

"இல்ல."

கொரலிக்கு முப்பத்தாறு வயது. ரோஸோவில் குடிநீர் பம்புகளையும் அளவுக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். பேச்சுக்கும் மீட்டர் வைத்திருக்கிறாள் என்று அம்மா அவளைக் கேலி செய்வாள். அன்றும் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தாள். கொதி ஏரிக்குப் போகும் வழியில், பாழ்ப் பள்ளத்தாக்கில், புதிதாக ஓர் இடம் ஆவி கக்க வாய் திறக்கிறது என்றாள். போகும் கல் வரிசையை மாற்றி வைத்தாயிற்று. வரும் வரிசை பாக்கி. மறுநாள் ஒரு பிரெஞ்சுத் தம்பதியை ஏரிக்குக் கூட்டிப் போகிறாள். அவர்கள் கரையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் அதையும் மாற்றிவிடுவாள்.

கொரலி 'ம்' என்றாள். நகம் ஒன்று தெறித்துச் சேப்பங்கிழங்குப் பாத்திக்குள் போய் விழுந்தது.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடேன் மா."

"யார்கிட்ட லெட்டர் குடுக்கிறது? எரிமலைகிட்டயா?"

அவ்வளவுதான். கொரலி காலைத் துடைத்துவிட்டாள். நான்கு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அம்மா மலைக்குப் போய்த் திரும்பினாள். பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கை டெல்ஃபின் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, அசதியாக இருக்கிறது என்று படுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். அறுபத்து மூன்று வயது.

முழுப்பெயர் யூஃபீமியா. ஊரில் மா ஃபீமி. எட்டுப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவள். இருபத்தொன்பது வயதுவரை கிழங்கும் பூவும் சுமந்து ரோஸோ சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் கொதி ஏரியின் நீரை அளக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். சாமான் தூக்க ஆள் போதவில்லை. ஆண்களுக்குத் தருவதையே தனக்கும் தந்தால் வருவதாகச் சொல்லிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். இரண்டாம் நாள் வழிகாட்டியின் கணுக்கால் பிசகியது. மூன்றாம் நாள் முன்னால் நடந்தது ஃபீமி. அதற்குப் பிறகு அவள் பின்னால் நடக்கவேயில்லை.

ஆண்கள் அவளைக் கோவேறு கழுதை என்றார்கள். கழுதை வழி தவறாது என்று அவளும் சொல்லிக்கொண்டாள். கொரலிக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் அப்பா படகேறிப் பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு வேலைக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஃபீமி அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாளும் ஆறு மணி நேர நடை இருந்தது.

ஒருமுறை கொரலி கணக்குப் போட்டாள். வருஷத்துக்கு நூறு தடவை என்றால் மொத்தம் மூவாயிரத்து நானூறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கி ஏறுவதைக் கூட்டினால் தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம். ஆகமொத்தம் மூவாயிரம் கிலோமீட்டர், நேர் மேலே. தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அவ்வளவு தூரம் ஏறியுமா இன்னும் லோடாவுலயே இருக்கேன்?"

அம்மாவுக்குப் பொய் வராது. தொழிலுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. ஒரு வருஷக் கடைசியில் கொதி ஏரி வற்றிப்போனது. நீரும் இல்லை, கொதிப்பும் இல்லை. சேற்றுப் பள்ளம்தான் இருந்தது. மற்ற கைடுகள் ஆட்களை விளிம்புவரை கூட்டிப்போய், அங்கே தாங்களும் அப்போதுதான் பார்ப்பதுபோல வாயைப் பிளந்தார்கள். ஃபீமி மட்டும் கிளம்பும் இடத்திலேயே சொன்னாள். பாதிப் பேர் பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். அந்த டிசம்பர் முழுக்க வீட்டில் கிழங்கும் உப்பு மீனும்தான். இன்னொரு கைடான ஹிலரியன் அவளைச் சந்தையில் நிறுத்திச் சிரித்தாராம். ஏரி திரும்பி வந்தபோது, ஃபீமி சொன்னால் நம்பலாம் என்று ஓட்டல்காரர்கள் அவளையே கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது ஹிலரியன் சிரிக்கவில்லை.

ஹிலரியன் கிட்டத்தட்ட அவள் வயதுக்காரர். நான்கு வருஷம் மூத்தவர். முப்பது வருஷமாக இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே ஒரே வழியில் நடந்தார்கள். பெரும் புயல் காட்டை மொட்டையடித்து வழியை விழுங்கிய பிறகு, ஒரு மரம் அறுக்கும் இயந்திரத்தோடும் இரண்டு வெட்டுக் கத்திகளோடும் ஏழு வாரம் வேலை செய்து அதைத் திறந்தவர்கள் அவர்கள்தான்.

லோடாவின் கைடுகளிடம் ஓர் ஏற்பாடு உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. மலைவழி பகுதி பகுதியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆள். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மரப்படிகள் ஒருவருக்கு. காற்றடிக்கும் முகட்டுப் படிகள் ஹிலரியனுக்கு. பாழ்ப் பள்ளத்தாக்கைத் தாண்டும் நூற்று நாற்பது அடி தூரம் மா ஃபீமிக்கு. அவரவர் பகுதியை அவரவர்தான் தொட வேண்டும்.

மற்ற பகுதிகளில் படி உளுத்தால் மாற்றினால் போதும். பள்ளத்தாக்கில் தரையே மாறும். சாம்பலும் மஞ்சளுமாகக் கிடக்கும் அந்த மண்ணில் சில இடம் பாறை, சில இடம் அப்பளம். அப்பளத்துக்கு அடியில் கொதிநீரும் ஆவியும் இருக்கும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஃபீமி கம்பால் தட்டிப் பார்த்து உறுதியான இடமாகத் தேர்ந்தெடுத்து, மூன்றடிக்கு ஒரு கல் வைத்திருந்தாள். எல்லாம் கீழே ஆற்றிலிருந்து எடுத்த கறுப்புக் கற்கள். பள்ளத்தாக்கின் கல்லென்றால் அதே நிறத்தில் கலந்துபோய்விடும். ஆற்றுக் கல்லும் ஒரு வருஷத்தில் கந்தகம் ஏறி மஞ்சளாகும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் முதுகுப் பையில் இரண்டு புதுக் கல் எடுத்துப் போவாள். தண்ணீர், பொட்டலச் சாப்பாடு, கட்டுத் துணி, இரண்டு கல்.

முன்பு ஒரே வரிசைதான் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்பு, போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் நடுவில் எதிர்ப்பட்டன. ஒரு கனடாக்காரர் மரியாதைக்கு ஒதுங்கி வழிவிட்டார். ஒதுங்கிய கால் கெண்டைக்கால்வரை உள்ளே போனது. பூட்ஸைக் கழற்றியபோது தோலும் கூட வந்தது. அவர் ஃபீமி கூட்டிவந்த ஆள் இல்லை. ஆனால் பகுதி அவளுடையது. அவரைக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். கட்டிலின் முன்பக்கத்தைப் பிடித்தவள் ஃபீமி. அந்த வாரமே இரண்டாவது வரிசை போட்டாள். போக ஒன்று, வர ஒன்று.

புதன்கிழமை மதியம் ரேடியோவில் அம்மாவின் மரணச் செய்தி வந்தது. எழுதிக் கொடுத்தது டெல்ஃபின். ஒன்றரைப் பக்கம். மா ஃபீமி என்று நன்கறியப்பட்ட, என்று தொடங்கி, துயரத்தில் விட்டுச் சென்ற மகள், சகோதர சகோதரிகள், அவர்கள் பிள்ளைகள், தீவு தீவாக இருக்கும் மச்சினர்கள், ஞானஸ்நானப் பிள்ளைகள் பதினொரு பேர், லோடா கைடுகள் அனைவரும், ரோஸோ சந்தைப் பூக்காரிகள் என்று அது போய்க்கொண்டே இருந்தது. எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒரே நேரத்தில் ஓடியதால் தெருவில் நின்றாலும் ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. அடக்கம் அடுத்த சனிக்கிழமை. தோர்த்தோலாத் தீவிலிருந்து அம்மாவின் தம்பி வர வேண்டும். ஒன்பது மாலை ஜெபம் அன்றே தொடங்கியது.

கொரலி அம்மா வீட்டுச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்ததும் கப்பல் அட்டவணை வாசித்தார்கள். வியாழக்கிழமை ஒரு பெரிய சுற்றுலாக் கப்பல்.

கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

கப்பல் நாள் என்றால் ஐம்பது பேராவது கொதி ஏரிக்கு ஏறுவார்கள். போகும் வரிசையில் போவார்கள். வரும் வரிசையில் வருவார்கள். அம்மா திங்கட்கிழமை அதை மாற்றினாளா இல்லையா? பிரெஞ்சுத் தம்பதி அன்று மாலையே படகேறிவிட்டார்கள். கேட்க யாரும் இல்லை.

டெல்ஃபினிடம் சொன்னாள். முற்றத்துக்கு வந்து ஹிலரியனிடம் சொன்னாள். அங்கே கைடுகள் டாமினோ ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது உடனே போய் வரும் வரிசையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

யாரும் காயை விட்டு எழவில்லை. காரணம் அவளுக்கும் தெரியும். லோடாவில் ஒரு கைடு இறந்தால் ஒன்பதாம் மாலை ஜெபம் முடியும்வரை அவர் பகுதியை யாரும் தொடமாட்டார்கள். பத்தாம் நாள் எல்லாரும் சேர்ந்து போய், முதல் கல்லையோ முதல் படியையோ எடுத்து அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். அதுவரை இறந்தவர் வைத்தது வைத்தபடி இருக்கும். கம்பால் தட்டிப் பார்ப்பதுகூட அவர் வேலையில் குறை சொல்வதாகும். மரப்படிக்கு ஒன்பது நாளில் ஒன்றும் ஆகாது. பள்ளத்தாக்கு அப்படியில்லை. ஆனால் பள்ளத்தாக்கின் ஆள் இதுவரை யாரும் இறந்ததில்லை. அதை முதலில் ஏற்றுக்கொண்டதே மா ஃபீமிதான்.

"இன்னிக்குக் காலையில நாலு பேரக் கூட்டிட்டு அந்த வரிசையிலதான் வந்தேன்," என்றார் ஹிலரியன். "ஒண்ணும் ஆகல."

"கல்லு மாறியிருந்துச்சா அங்கிள்?"

"மூடுபனி. பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல. கல்லு தெரிஞ்சுது, கால வச்சோம். உன் அம்மா வச்ச கல்லுல நான் எதுக்கு யோசிக்கணும்?"

"நாலு பேரு வேற, அம்பது பேரு வேற. ஒரே எடத்துல அம்பது தடவ எடை விழும்."

"பாத்தீங்களா, இன்ஜினியரம்மா சொல்றாங்க."

"டெக்னீஷியன்."

ஹிலரியன் காய்களைக் கலைத்தார். ஃபீமி நாளைக்குச் செய்கிறேன் என்று சொன்னால் மறுநாளே செய்திருப்பாள். முப்பது வருஷத்தில் அவள் ஒரு கல்லைக்கூடப் பாக்கி வைத்துப் பார்த்ததில்லை என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதில் சூதில்லை. அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். கொரலிக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

டெல்ஃபின் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அவ இன்னும் மண்ணுக்குள்ளகூடப் போகல. அதுக்குள்ள அவ வேலைய நீ பரிசோதன பண்ணுவியா? கல்லு சரியா இருந்தா ஊர் உன்னத் திட்டும். தப்பா இருந்தா அவளத் திட்டும். எது வேணும் உனக்கு?"

"யார் காலும் வேகக் கூடாது. அதான் வேணும்."

"அவ பேரு?"

அம்மாவிடம் இருந்த சொத்தே அந்தப் பேர்தான். ஃபீமி சொன்னால் நம்பலாம். ஞாயிற்றுக்கிழமை பின்படியில், வர்ற வரிசை பாக்கி என்று அம்மா சொன்னபோது, வேறு யாரிடமாவது சொல்லி வை என்று அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது 'ம்'. அந்த விஷயத்தைக் கேட்ட ஒரே ஆளும் அவள்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினாள். பையில் தண்ணீர், இரண்டு ரொட்டி, வேலையிடத்தில் பயன்படுத்தும் வெப்பமானி. அதன் முனையில் முழங்கை நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி உண்டு. குத்தினால் எண் வரும். கடைசியாக இந்த மலை ஏறி ஆறு வருஷமாகியிருந்தது. பெரிய தண்ணீர்க் குழாயைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து கால் மணியிலேயே மூச்சு வாங்கியது. இரண்டு இரவாகச் சரியாகத் தூங்கவில்லை. படிகள் ஈரத்தில் வழுக்கின. இந்தப் படிகளில் அம்மா வாரத்துக்கு இரண்டு முறை, அந்த இடுப்போடு, முதுகில் கல்லையும் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு அதை நினைப்பதை நிறுத்திவிட்டுப் படிகளை எண்ணினாள்.

ஆற்றங்கரையில் பின்னால் கம்பு தட்டும் சத்தம் கேட்டது. ஹிலரியன்.

"வரமாட்டேன்னு சொன்னீங்க."

"வரமாட்டேன்னு யார் சொன்னா? தொடமாட்டேன்னு சொன்னேன். உன்னத் தனியா அனுப்பினா உன் அம்மா வந்து என் காலப் பிடிச்சு இழுப்பா. உயிரோட இருக்கும்போதே அவகிட்டத் தாங்க முடியல."

அவளைத் தாண்டி முன்னால் போனார். முகட்டில் காற்று இருவரையும் பக்கவாட்டில் தள்ளியது. கீழே இறங்க இறங்க அழுகிய முட்டை நாற்றம் ஏறியது. அன்று மூடுபனி இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. சாம்பல் தரை, மஞ்சள் வரிகள், பால் நிறத்தில் ஓர் ஓடை, கறுப்பாக ஓர் ஓடை, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆவி.

மணி எட்டே முக்கால். முதல் கூட்டம் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

போகும் வரிசையில் தாண்டினார்கள். நடுவில் ஒன்பது கற்கள் இடப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அவை முன்பு இருந்த இடத்தில் ஈரமான குழிகள் அப்படியே தெரிந்தன. அம்மா அந்த வேலையை முடித்திருந்தாள்.

ஏரிப் பக்கத்து முனையில் வரும் வரிசை தொடங்கும். அங்கே முதல் கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு கற்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. கறுப்பு. மஞ்சள் ஒரு பொட்டுகூட ஏறவில்லை. அவற்றைப் புதைக்கவில்லை, வைத்தவர் தூக்கிவந்து இறக்கியதோடு சரி.

ஹிலரியன் அவற்றின் பக்கத்தில் குந்தினார்.

"இதுவரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கா," என்றார் ஹிலரியன். "அதுக்கு மேல முடியல போல. போன வழியிலயே அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூட்டிட்டு வந்திருப்பா."

கொரலி குனிந்து வரும் வரிசையின் முதல் கல்லை அசைத்தாள். அடியில் கந்தகம் ஒட்டிப் பிடித்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. எதுவும் அசைக்கப்படவில்லை. அவள் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் கம்பியைக் குத்தி எண்ணைப் படித்தாள். முதல் கல்லில் நாற்பத்தொன்று. இரண்டில் நாற்பத்து மூன்று. மூன்று, நான்கு, ஐந்து நாற்பதுகளிலேயே இருந்தன. ஆறில் ஐம்பத்தெட்டு. ஏழில் கம்பி பாறையில் முட்டவில்லை. மெதுவாக அழுத்தினாள். ரொட்டிக்குள் கத்தி போவதுபோலப் பாதிவரை போனது. தொண்ணூற்றாறு. வெளியே இழுத்தபோது துளையிலிருந்து ஆவி சீறியது.

"பின்னால வா," என்றார் ஹிலரியன். "வந்த கால்தடத்துலயே வா. திரும்பாத. அப்படியே பின்னால."

அவள் பின்னால் வந்தாள். ஹிலரியன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நேத்து நாலு பேரக் கூட்டிட்டு இதுலதான் வந்தேன். ஒரு அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும்."

அவள் வெப்பமானியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

கல்லை எடுக்க வேண்டும் என்றாள். கல் இருக்கும்வரை ஆட்கள் மிதிப்பார்கள். அவர், நான் தொடமாட்டேன் என்றார். இன்னும் எட்டு மாலை பாக்கி. ஆனால் எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று சொல்வதாகச் சொன்னார். அப்படித்தான் வேலை நடந்தது. அவர் கம்பால் தட்டித் தட்டி இடம் காட்டினார். அவள் அங்கே நின்று கல்லைப் பெயர்த்து மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் கனம். கந்தகம் சட்டையில் ஒட்டியது, கண் எரிந்தது. ஏரிப் பக்கத்தில் ஐந்து கற்கள். பிறகு போகும் வரிசையில் சுற்றி மறுமுனைக்கு வந்து ஊர்ப் பக்கத்துக் கற்கள், ஒன்று ஒன்றாக. நடுவே அவளை உட்காரச் சொல்லி அவர் தன் தண்ணீரைக் கொடுத்தார்.

"இத்தனையையும் அவ ஒருத்தி தூக்கிட்டு வந்தா," என்றார். "நான் ஒரு நாள்கூட ஒரு கல்லு குடு, தூக்கறேன்னு கேட்டதில்ல. கேட்டா குடுத்திருக்க மாட்டா, அது வேற."

நடுவில் எட்டுக் கற்களை எடுக்க முடியவில்லை. நிற்க இடமில்லை. விட்டுவிட்டாள். எடுத்த கற்களை இரண்டு முனைகளிலும் முழங்கால் உயரத்துக்குக் குவித்து அடைத்தாள்.

பத்தே முக்காலுக்கு முதல் கூட்டம் முகட்டிலிருந்து இறங்கியது. பின்னால் இன்னும் நான்கு கூட்டங்கள். ஐந்து கைடுகளும் குவியலைப் பார்த்தார்கள், கொரலியின் சட்டையைப் பார்த்தார்கள், ஹிலரியனைப் பார்த்தார்கள். யார் தொட்டது என்று ஒருவன் கேட்டான். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஹிலரியன் வாயைத் திறந்தார். கொரலி முந்திக்கொண்டாள்.

"நான்தான். அம்மா இந்த வரிசைய மாத்தல. மாத்த வந்தாங்க, முடியல. ஏழாவது கல்லுல தொண்ணூத்தாறு டிகிரி. வேணும்னா காட்டுறேன்."

ஊரே கேட்கும்படி சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. மா ஃபீமி முடிக்கவில்லை. யாரும் அதை மறுக்கவில்லை. காட்டச் சொல்லியும் கேட்கவில்லை. வயதான கைடு ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். கேள்வி கேட்டவன், அப்படியானால் போகவும் வரவும் ஒரே வரிசைதானா என்றான். ஆமாம் என்றார் ஹிலரியன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒருவர் திரும்பலாம். நடுவில் யாரும் யாருக்கும் வழிவிடக் கூடாது.

ஐம்பத்திரண்டு பேர். கொரலி ஊர்ப் பக்கத்துக் குவியலின் மேல் உட்கார்ந்து எண்ணி அனுப்பினாள். கப்பல் ஆறரைக்குக் கிளம்பிவிடும் என்று ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். ஒரு பெண் வெள்ளி மோதிரம் கறுத்துப்போனதற்கு அவளைக் காரணம் கேட்டாள். இங்கே நிழல் எங்கே என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

திரும்பும் கூட்டத்துக்குக் காத்திருந்தபோது ஹிலரியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டெல்ஃபினிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றாள். நல்லது, எனக்கு அவள் அக்காவிடம்கூட அவ்வளவு பயமில்லை என்றார்.

"புது வரிசை எங்க போடணும் அங்கிள்?"

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கம்பை முதலில் மேட்டுப் பக்கம் நீட்டினார். பிறகு பால் ஓடைப் பக்கம் நீட்டினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியல. போற வரிசை மாதிரி இல்ல இது. ரெண்டு பக்கமும் கெட்டுக் கெடக்கு. ஒரு நல்ல மழை பெய்யும்போது இங்க இருக்கணும். மழ நின்னதும் எந்த எடம் முதல்ல காயுதுன்னு பாக்கணும். அங்க அடியில சூடு, கால் வைக்கக் கூடாது. ஒரு மழ போதாது, நாலஞ்சு மழைக்கு வரணும். அவ அதெல்லாம் பாத்து வச்சிருப்பா. மனசுக்குள்ள எங்க போடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் அந்த ரெண்டு கல்லத் தூக்கிட்டு வந்திருப்பா."

"என்கிட்ட எடம் சொல்லல."

"என்கிட்டயும் சொல்லல."

பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் முதல் ஆள் திரும்பத் தொடங்கினார், போகும் வரிசையின் கற்களில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. கொரலி எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டாவது ஆள் தாண்டி வந்தபோது மணி இரண்டே கால். வரும் வரிசை இருந்த இடத்தில் எட்டு மஞ்சள் கற்கள் மட்டும் கிடந்தன. புது வரிசை இன்னும் போட்டாகவில்லை.